வாரம் ஒருமுறை வரும் ஆள்

கொங்கு நாட்டில் பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் குஞ்சை விலைக்கு வாங்குவதில்லை. கம்பெனி வண்டியில் குஞ்சு வந்து இறங்குகிறது. தீவனமும் மருந்தும் பின்னாலேயே வருகின்றன. கொட்டகை, தண்ணீர், கரண்டு, உழைப்பு ஆகியவை பண்ணைக்காரருடையவை. ஆறு வாரம் போனதும் கோழியைப் பிடித்து எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருகிறார்கள். 1980களில் உடுமலையில் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள் 1990களில் பரப்பிய இந்த ஒப்பந்த முறை, நாட்டின் கோழி வளர்ப்பையே மாற்றியது. இதில் எளிதில் கண்ணில் படாத ஒரு பாத்திரம் உண்டு. கம்பெனி சூப்பர்வைசர். டூவீலரில் வந்து, செத்த குஞ்சை எண்ணி, தீவனக் கணக்கைப் பார்த்து, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போகிறவர். குஞ்சைக் கொடுத்துவிட்டு ஆறு வாரம் கழித்து வந்து பார்ப்போம் என்று இருந்தால் கம்பெனி எப்போதோ மூடியிருக்கும்.

வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பலவும் அந்தச் சூப்பர்வைசர் இல்லாமல்தான் நடந்தன. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடுகள், ஐந்து ஆண்டுகளில் ஏழு லட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. பத்து ஆண்டு கழித்து, கணவனை இழந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற பெண்கள் 38,800 பேருக்கு ஆளுக்கு ஐந்து ஆடுகள் என்று இன்னொரு திட்டம் வந்தது. ஆடு பெற்ற குடும்பங்களில் பட்டி நிறைத்தவர்களும் உண்டு, ஆறே மாதத்தில் விற்றுத் தின்றவர்களும் உண்டு. ஆடு கைக்கு வந்த பிறகு வாரந்தோறும் அதே வீட்டுக்கு அதே ஆள் வந்து பார்ப்பது மட்டும் அந்தத் திட்டங்களின் அமைப்பில் இல்லை. அப்படி ஒரு ஆள் வந்தால் என்ன ஆகும்? கடந்த இருபது ஆண்டுகளில் பொருளாதார ஆய்வாளர்கள் மருந்தைச் சோதிப்பதுபோல் குலுக்கல் முறையில் சோதித்துப் பார்த்த கேள்விகளில் இது ஒன்று. விடை நாம் எதிர்பார்ப்பதைவிட நுட்பமானது.

ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் காடு

முதலில், ஒன்றுமில்லாத குடும்பம் ஏன் ஒன்றுமில்லாமலே இருக்கிறது? சோம்பல் என்று சொல்வது பழைய விடை. மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தால் வேறு விடை கிடைக்கும்.

காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் கொறங்காடு என்றால் எல்லோருக்கும் தெரியும். கிளுவை வேலி, ஊடே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த பூமியில் காங்கயம் மாட்டையும் ஆட்டையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்தது இந்த மேய்ச்சல் காடுதான். அது பட்டா நிலம், சொந்தக்காரர் உண்டு. கொறங்காடு இருக்கிறவரிடம் நான்கு ஆடு கொடுத்தால் இரண்டு வருடத்தில் அது பட்டியாகும். நிலமில்லாத கூலிக்காரப் பெண்ணிடம் அதே நான்கு ஆட்டைக் கொடுத்தால், அவர் சாலையோரத்தில் மேய்க்க வேண்டும். மேய்க்கப் போன நாளெல்லாம் கூலி போகிறது. துள்ளுமாரி நோயில் ஒரு ஆடு விழுந்தால் கால்பங்கு சொத்து ஒரே இரவில் போகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொன்று கன்னிவாடிச் சந்தைக்குப் போகிறது. ஆடு ஒரே ஆடுதான். அதைச் சுற்றி இருக்க வேண்டிய மற்ற சொத்துகள் இல்லாததால் அது தங்குவதில்லை.

இதைப் பொருளாதாரத்தில் வறுமைப் பொறி என்பார்கள். நெடுங்காலம் வெறும் கோட்பாடாகவே இருந்தது. வங்கதேசத்தின் பிராக் நிறுவனம் 2002இல், சிறுகடன் கொடுத்தும் மேலேற முடியாத கடைநிலைக் குடும்பங்களுக்கென்று ஒரு தனித் திட்டம் தொடங்கியது. மாடோ ஆடோ கொடுத்து, இரண்டு ஆண்டுகள் கூடவே நின்றார்கள். 1,309 கிராமங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் பயனாளிப் பெண்களின் வருமானம் சராசரியாக 21 சதவீதம் கூடியிருந்தது. அதைவிட வியப்பு, பதினோரு ஆண்டுத் தரவை வைத்து கிளேர் பால்போனியும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு சொத்துதான் கொடுக்கப்பட்டது. ஏற்கெனவே கையில் கொஞ்சம் இருந்தவர்கள் அந்த உதவியால் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினார்கள். தாண்டியவர்கள் அதன்பின் தாமாகவே மேலே போனார்கள். கொடுத்தும் அந்த அளவை எட்டாதவர்கள் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கே சரிந்தார்கள். இரு தரப்புப் பெண்களின் திறமையிலோ உழைப்பிலோ இந்த வேறுபாட்டை விளக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. தொடங்கிய இடம்தான் வேறு.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் கறாரானது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து கொடுத்தால் யாருமே அந்த அளவைத் தாண்டாமல் போகலாம். எந்தக் குடும்பம் அந்த அளவுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று வீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்

இரண்டாவது காரணம் மனத்துக்குள் இருக்கிறது. அதற்கான புகழ்பெற்ற ஆய்வு நடந்தது நம் மாநிலத்திலேயே. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம். வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பணம் வரும் வரை கையில் காசு இருக்காது. வந்த பிறகு கொஞ்ச காலம் மூச்சு விடலாம். ஒரே மனிதர் ஒரே ஆண்டில் ஏழையாகவும் வசதியாகவும் இருக்கிறார். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வெட்டுக்கு முன் 78 சதவீத விவசாயிகள் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 சதவீதம்தான். இரண்டு சமயத்திலும் அதே ஆட்களிடம் வடிவங்களைப் பொருத்தும் சிந்தனைப் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு அவர்கள் தெளிவாகவே கூடுதலாகச் சரி செய்தார்கள். 2013இல் சயன்ஸ் இதழில் இது வெளிவந்தது.

பணமுடை வரும்போது மூளை மந்தமாகிவிடுவதில்லை. அது வேறு வேலையில் இருக்கிறது. நாளைக்கு வட்டிக்காரர் வந்தால் என்ன சொல்வது, நகையை மீட்பதா பள்ளிக் கட்டணம் கட்டுவதா என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்போது மற்றதற்கு இடம் குறைகிறது. பணமுடை சிந்தனையைப் பாதிக்கிறதா என்று பார்த்த சோதனைகளில் சில மறுசோதனையில் வலுவிழந்தன. விளைவின் அளவு முதலில் நினைத்ததைவிடச் சிறியது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களுக்குக் கூலியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ஆய்வில், கடன் கவலை குறைந்தவர்கள் கூடுதலாகத் தைத்தார்கள், தவறும் குறைவாகச் செய்தார்கள். பணமுடையின் பாரம் கைவேலையிலேயே தெரிகிறது.

இப்போது நம் அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள். கைவிடப்பட்ட ஒரு பெண், மாற்றுத்திறனாளி மகன், படுத்துவிட்ட மாமியார். இந்த வீட்டுக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடியவை ஏராளம்: அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி, மூன்று பேருக்கும் வெவ்வேறு உதவித்தொகை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஊரக வேலை அட்டை, மகளிர் குழுக் கடன். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சான்று; கையெழுத்திடுபவர் வேறு வேறு ஆள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் ஆபீஸ், இ-சேவை மையம், அரசு மருத்துவமனையின் மருத்துவச் சான்று முகாம். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொரு எழுத்து என்றால் எல்லாமே நின்றுபோகும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். மனு ஒரு துறைக்குப் போகும். துறை தன்னிடம் வந்த கோரிக்கையைப் பார்க்கும், குடும்பத்தைப் பார்க்காது. அதிகாரிகளை ஊருக்கே கூட்டிவரும் 'மக்களுடன் முதல்வர்' திட்டம் 2023 டிசம்பரில் கோவையில்தான் தொடங்கப்பட்டது. அது தூரத்தைக் குறைத்தது. ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்து வருபவர்தான் முகாமிலும் மனு எழுத முடியும்.

சிந்திக்க இடமே இல்லாதவரிடம்தான் மிக அதிகமான காகித வேலையைக் கேட்கிறோம். வீட்டுக்கு வரும் ஊழியரின் முதல் பயன் இங்கே. அவர் அறிவுரை சொல்ல வருபவர் அல்ல. ஒரு குடும்பத்தின் எல்லாத் துறைக் காகிதங்களையும் ஒரே நோட்டில் வைத்திருப்பவர்.

ஆறு நாடுகளில் ஒரே சோதனை

பிராக் வகுத்த முறையில் பல கூறுகள் உண்டு. ஊர் கூடிக் குடும்பங்களைத் தேர்வது, பலன் தரும் ஒரு சொத்து, அது பலன் தரும் வரை சாப்பாட்டுக்கு ஒரு சிறு தொகை, பயிற்சி, சேமிப்பு, மருத்துவ உதவி, வாரந்தோறும் வருகை. இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய நாடுகளில் 10,495 குடும்பங்களில் சோதித்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உதவி முழுவதும் நின்று ஓராண்டு கழித்து அளந்தபோதும், பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மேலே இருந்தார்கள். செலவிடும் அளவு சுமார் 5 சதவீதம் கூடுதல். கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் வறுமை ஒழிப்பு ஆய்வுகளில், உதவி நின்ற பிறகும் நிற்கும் பலன் அபூர்வம்.

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாதில் பந்தன் நிறுவனம் நடத்திய பகுதி மிகச் சிறப்பாக வந்தது. பதினெட்டு மாத வருகை. பத்து ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் வித்தியாசம் அப்படியே இருந்தது. அதற்குள் பலர் ஆட்டையும் மாட்டையும் தாண்டிவிட்டார்கள். சிறு வியாபாரம், வெளியூருக்கு நல்ல கூலி வேலைக்குப் போன பிள்ளை அனுப்பும் பணம் என்று வருமானம் பல கால்களில் நின்றது. கொடுத்த சொத்தே கடைசிவரை காப்பாற்றவில்லை. அடுத்த வாய்ப்பைத் தேடிப் போக அது வலுக் கொடுத்தது.

அந்த வருகையில் என்னதான் நடக்கும்? பெரிதாக ஒன்றுமில்லை. நம் ஊரில் நடந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யலாம். மூலனூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. மகளிர் குழுவிலிருந்து தேர்வான இளம்பெண் ஒருத்தி நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறாள். "ஏனுங்க்கா, குட்டிக்குப் பூச்சி மருந்து குடுத்தாச்சுங்களா?" "இல்லீங் கண்ணு, டாக்டரு போன வாரம் வரலைன்னாங்க." "வர்ற செவ்வாக்கிழமை வர்றாருங்க. நானும் வர்றேன். பையன் ஸ்கூலுக்குப் போறானுங்களா?" அவ்வளவுதான். குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி, சேமிப்பில் எவ்வளவு போட்டார், பையனின் வருகை, மாமியாரின் மனு எந்த மேசையில் நிற்கிறது. ஒவ்வொன்றும் அற்பம். ஆனால் ஒரு வாரத்துக்குள் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைத் தெளிவாக்கிவிட்டுப் போவதே வேலை. அதோடு, நம்மைக் கேட்க ஒரு ஆள் உண்டு என்ற எண்ணம் சேர்கிறது.

எது வேலை செய்கிறது?

இவ்வளவு கூறுகளில் எது உண்மையில் பலன் தருகிறது என்று பிரித்துப் பார்க்கவும் முயன்றார்கள். கானாவில் ஒரு பிரிவுக்கு ஆடு மட்டும், இன்னொன்றுக்குச் சேமிப்பு வசதி மட்டும், மூன்றாவதற்கு முழுத் தொகுப்பு. ஆடு மட்டும் பெற்றவர்களிடம் நீடித்த வருமானம் வரவில்லை. சேமிப்பு மட்டும் பெற்றவர்களிடமும் இல்லை. தொகுப்புதான் நின்றது. நைஜரில் அரசின் பண உதவி பெற்ற குடும்பங்களில் நடந்த சோதனை 2022இல் நேச்சர் இதழில் வந்தது. அங்கே ஒரு பிரிவுக்கு முதலீட்டுப் பணமே கிடையாது. ஊர் கூடிப் பார்க்கும் படம், தன்னம்பிக்கையும் வாழ்க்கைத் திறனும் வளர்க்கும் பயிற்சி, சேமிப்புக் குழு, வழிகாட்டி ஆகியவை மட்டும். செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைத்த பலனைக் கணக்கிட்டால் அந்தப் பிரிவு முன்னணியில் நின்றது. பணம் தேவையில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. அந்தக் குடும்பங்களுக்கு மாதப் பணம் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. அடிப்படை உதவி இருக்கும் இடத்தில், கூட நிற்கும் ஆள் அதன் பலனைப் பெருக்குகிறார் என்பதே பொருள். ரேஷனும் உதவித்தொகையும் மகளிர் உரிமைத் தொகையும் ஏற்கெனவே வந்துசேரும் தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

தோல்விகளும் கற்றுக்கொடுத்தன. ஹோண்டுராஸில் பலர் கோழியைத் தேர்ந்தெடுத்தார்கள், உள்ளூர் அல்லாத அந்த இனம் நோயில் மடிந்தது, முதலீட்டுக்கு நட்டம். அதே பணம், அதே வருகை, தவறான கோழி. நாமக்கல்லிலும் பல்லடத்திலும் இந்தக் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நெசவு ஊரில் பிறந்த யோசனை

குடும்பத்துக்கு ஒரு ஆள் என்ற யோசனை இன்று நேற்றையது அல்ல. 1853இல் ஜெர்மனியின் எல்பர்ஃபெல்ட் என்ற ஊரில் அது ஒழுங்கான முறையாக உருவெடுத்தது. எல்பர்ஃபெல்ட் நூலும் துணியும் சாயமுமாக வளர்ந்த ஆலை ஊர். ஆலைத் தொழில் ஊரைப் பெருக்கியபோது ஏழைகளுக்கான செலவும் பெருகியது. ஊர்ப் பெரியவர்கள் நகரத்தைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சம்பளமில்லாத ஒரு குடிமகன் பொறுப்பு. அவரிடம் நான்கு குடும்பங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. உதவி பதினான்கு நாளைக்குத்தான் அனுமதிக்கப்படும். அதற்குள் மறுபடி வீட்டுக்குப் போய்ப் பார்த்து, தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஜெர்மனியின் பல நகரங்கள் இதைப் பின்பற்றின. 1917இல் அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் எழுதிய 'சோஷியல் டயக்னோசிஸ்' நூல், குடும்பத்தை அறியும் இந்த வேலைக்கு முறையான இலக்கணம் வகுத்து, சமூகப் பணியை ஒரு படிப்பாக்கியது.

இந்த முறைக்கு நிழற்பக்கமும் உண்டு. வீட்டுக்கு வருகிற ஆள் உதவி செய்யலாம், வேவும் பார்க்கலாம். எல்பர்ஃபெல்ட் முறையின் நோக்கங்களில் செலவைக் குறைப்பதும் ஒன்று; கொடுப்பதை நிறுத்தக் காரணம் தேடிய வருகைகளும் அதில் இருந்தன. அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து, டிவி இருக்கிறதே, வண்டி நிற்கிறதே என்று குறிப்பவருக்கும், மனு எங்கே நிற்கிறது என்று கேட்பவருக்கும் உள்ள வேறுபாடு அந்த வீட்டுப் பெண்ணுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். சாதி இருக்கிற ஊரில் இன்னொன்றும் சேரும்: வருகிற ஆள் திண்ணையில் உட்காருகிறாரா, அங்கே கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கிறாரா என்பது. கொங்கு நாட்டில் இதைச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிப் பேச முடியாது.

சிலி நாடு 2002இல் தேசிய அளவில் இதைச் செய்தது. ஒரு குடும்பத்துக்கு இருபத்து நான்கு மாதம். ஏழு துறைகளில் 53 குறைந்தபட்ச நிலைகள். எல்லோருக்கும் அடையாள அட்டை இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்கும். முதலில் அடிக்கடி வரும் ஊழியர், மாதம் போகப் போக வருகையைக் குறைத்துக்கொள்வார். பின்னர் அளந்தபோது, உரிமையுள்ள உதவிகளைக் கேட்டுப் பெறும் குடும்பங்கள் கூடியிருந்தன. அந்தப் பலன் நீடித்தது. வேலைவாய்ப்பிலும் வீட்டு வசதியிலும் நீடித்த மாற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. காகிதம் வாங்கித் தருவதும் பிழைப்பு அமைத்துத் தருவதும் ஒன்றல்ல என்று அந்த முடிவு சொல்கிறது.

தெற்கில் ஏன் தோற்றது?

கொங்கு நாட்டுக்கு மிக முக்கியமான ஆய்வு எதுவென்று கேட்டால் மேடக் மாவட்ட ஆய்வைத்தான் சொல்ல வேண்டும். அன்றைய ஆந்திரத்தில், இன்றைய தெலங்கானாவில், எஸ்.கே.எஸ். அமைப்பு இதே முறையை நடத்தியது. கால்நடை கொடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்தார்கள். நிகரப் பலன் பூஜ்யம். காரணத்தைத் தேடிய ஜொனாதன் மர்டக் குழுவினர் 2015இல் விளக்கினார்கள். மாடு வாங்கிய பெண்கள் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். மாட்டில் வந்த வருமானமும் கூலியில் இழந்த வருமானமும் சரிக்குச் சரி. சிலர் மாட்டை விற்று வட்டிக் கடனை அடைத்தார்கள். அவர்கள் கணக்கில் அது புத்திசாலித்தனமான முடிவே. சுற்றுவட்டாரத்தில் கூலி ஏறிக்கொண்டிருந்ததால், திட்டத்தில் சேராதவர்களும் அதே அளவு மேலேறினார்கள்.

கூலி வேலை தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் ஆடு மாடு கொடுப்பது வேலையைக் கூட்டாது, மாற்றும். திருப்பூர் பனியன் கம்பெனி வேனும் நூல் மில் வேனும் விடிவதற்குள் ஊர் ஊராக வந்து ஆளெடுத்துப் போகும் பூமி கொங்கு நாடு. இங்கே வேலை செய்யக்கூடிய உடம்பும் வெளியே போகக்கூடிய நிலையும் உள்ளவர் பட்டினி கிடப்பது அரிது. அந்த வேனில் ஏற முடியாதவர்கள்தான் இங்கே கடைநிலை. படுத்த நோயாளியை விட்டு நகர முடியாத மகள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையின் தாய். பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டு வேலையை விட்டவர். குடிகார மகனிடம் பென்ஷனைப் பறிகொடுக்கும் பாட்டி. ஆனைகட்டியிலும் சத்தியமங்கலம் மலையிலும் சாதிச் சான்றுக்கு அலையும் இருளர் குடும்பம். இவர்களில் ஒருவருக்கு ஆடு தீர்வு. இன்னொருவருக்குப் பகல்நேரப் பராமரிப்பு இல்லம் தீர்வு, அது கிடைத்தால் அவரே வேனில் ஏறிக்கொள்வார். மற்றொருவருக்குச் சான்று தீர்வு. ஒரே பொருளை எல்லோருக்கும் கொடுக்கும் திட்டம் வேலை மிகுந்த பகுதியில்தான் மிக எளிதில் வீணாகும்.

யார் கடைநிலை என்று கண்டுபிடிக்கும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. உலக வங்கி உதவியுடன் 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு என்று ஒன்று நடந்தது. ஊர் நடுவே தரையில் கலர்ப் பொடியால் தெருவும் வீடும் வரைந்து, எந்த வீடு எந்த நிலை என்று ஊராரே வகைப்படுத்துவார்கள். வருமானச் சான்றில் வராத உண்மை அங்கே வரும். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நிதி ஆயோக் கணக்கில் பல்பரிமாண வறுமையில் இருப்போர் தமிழ்நாட்டில் 2.2 சதவீதம்தான் என்பதைச் சுட்டிக்காட்டி, மிஞ்சியுள்ள ஐந்து லட்சம் கடைநிலைக் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் மேலேற்றுவது இலக்கு என்றார்கள். ஒரு கணக்குப் போடலாம். ஓர் ஊழியருக்கு ஐம்பது குடும்பம் என்று வைத்தால் பத்தாயிரம் ஊழியர்கள் வேண்டும். முப்பது என்றால் பதினாறாயிரத்துக்கும் மேல். ஆட்டின் விலையைவிட இந்த ஆளின் சம்பளமே திட்டத்தின் கனமான செலவு. அதனால்தான் முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

வாளையாறு தாண்டினால் கேரளம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2021இல் தொடங்கி, குடும்பஸ்ரீ பெண்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள் உதவியுடன் 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் எழுதினார்கள். இந்த வீட்டுக்கு உடனே வேண்டியது என்ன, சில மாதத்தில் செய்யக்கூடியது என்ன, நெடுநாள் வேண்டியது என்ன என்று மூன்று அடுக்கு. 2025 நவம்பர் 1 அன்று, கடைநிலை வறுமை இல்லாத மாநிலம் என்று கேரளம் தன்னை அறிவித்துக்கொண்டது. கணக்கெடுப்பு முறையைப் பொருளாதார அறிஞர்கள் சிலர் கேள்வி கேட்டார்கள்; பழங்குடிக் குடும்பங்கள் விடுபடவில்லையா என்ற கேள்வி நியாயமானதே. ஆனாலும் ஒரு மாநிலம் பயனாளிப் பட்டியலிலிருந்து குடும்பப் பட்டியலுக்கு மாறியது சிறிய செய்தி அல்ல.

கேரளப் பட்டியலில் தனியாக வாழும் முதியவர்கள் பலர் இருந்தார்கள். எண்பது வயதுப் பாட்டிக்குச் சுயசார்பு என்பது தொழில் அல்ல. மாதம் தவறாமல் வரும் உதவித்தொகையும், வேளைக்குச் சாப்பாடும், நோய் வந்தால் கேட்க ஒரு ஆளும்தான். அவர் திட்டத்திலிருந்து வெளியேறவே போவதில்லை. வெளியேறாதது தோல்வியும் அல்ல. நாற்பது வயதுத் தாய்க்கோ வருகை ஒருநாள் நிற்க வேண்டும். எந்த மாதம் நிற்கும் என்பது முதல் வருகையிலேயே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோழிக் கம்பெனியின் சூப்பர்வைசர் வருவதை நிறுத்துவதே இல்லை. அதனால்தான் பண்ணைக்காரர் என்றைக்கும் வளர்ப்புக் கூலிக்காரராகவே இருக்கிறார். என்றைக்கும் தாங்க வேண்டிய குடும்பம் எது, கைதூக்கிவிட்டு விலக வேண்டிய குடும்பம் எது என்று பிரித்தறிவதே வீட்டுக்கு வரும் ஊழியரின் முதல் வேலை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு, இத்தனை லட்சம் பேர் பயன் பெற்றார்கள் என்று சொல்லும் அறிக்கையிலிருந்து, வருகை நின்று ஓராண்டு கழித்து எத்தனை குடும்பம் எழுந்து நிற்கிறது என்பதை யாராலும் தெரிந்துகொள்ள முடியாது.